புதிய ராப்பர்களையும் மிக்ஸ்டேப்புகளையும் எங்கே தேடுவது?

மேலூர்ப் பேருந்து எழுதியது:

வணக்கம். மேலூரில் இருந்து மதுரைக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்கு வந்து போகிறேன். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் மாட்டுத்தாவணி நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரம் வரை, பாட்டுக் கேட்பதற்கென்றே எனக்கு வாய்த்திருக்கிறது. பள்ளியில் படித்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் மெமரி கார்டில் ஏற்றித் தந்த யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’தான் நான் கேட்ட முதல் ராப் தொகுப்பு. மலேசியாவில் இருந்து 2006-இல் வெளிவந்த அது எங்கள் தெருவுக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. அதன் பிறகு ஹிப்ஹாப் தமிழா, அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-இல் தந்த ‘தெருக்குரல்’, அங்கிருந்து அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லமார் என்று வழி தானாகவே விரிந்துகொண்டு போனது.

இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒரு பாட்டு முடிந்ததும் செயலி தானாக எடுத்துப் போடுவதெல்லாம் ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த பாட்டுகள். நான்காவது பாட்டுக்குள் அது சினிமாவுக்குள் நுழைந்துவிடுகிறது. 2024-இல் கேரளத்து ராப்பர் ஹனுமான்கைண்டின் ‘பிக் டாக்ஸ்’ உலகமெங்கும் பரவிய பிறகுதான், அவர் 2019-இலேயே ‘களரி’ என்ற சிறு தொகுப்பை வெளியிட்டவர் என்பது எனக்குத் தெரிந்தது. பொன்னானியில் மரணக்கிணற்றுக்குள் எடுக்கப்பட்ட அந்தக் காணொளியைப் பார்த்தபோது, சிறு வயதில் தமுக்கத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் மரணக்கிணற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. பக்கத்து மாநிலத்தில் இருந்து கிளம்பிய ஒருவரை அமெரிக்காக்காரர்கள் கொண்டாடிய பிறகு நான் தெரிந்துகொண்டேனே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. டோச்சி என்ற பெண் ராப்பர் 2024-இல் வெளியிட்ட ‘ஆலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்’ ஒரு மிக்ஸ்டேப் என்றே சொல்லப்படுகிறது. அதே தொகுப்புக்கு 2025-இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்திருக்கிறது. அப்படியானால் மிக்ஸ்டேப் என்பது என்ன, ஆல்பம் என்பது என்ன? நாடாவே இல்லாத காலத்தில் அந்தப் பெயர் எதற்கு? புதிதாக எழுதத் தொடங்கியிருக்கும் ராப்பர்களை, அவர்கள் பெயர் பரவுவதற்கு முன்பே, தமிழிலும் ஆங்கிலத்திலும் கண்டுபிடிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? என்னிடம் இருப்பது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா என்பதையும் மனத்தில் வைத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய கேசட் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். உங்கள் குழப்பத்தில் பாதியைத் தீர்க்கும் தகுதி எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். 1980-களின் கடைசியில் இருந்து பதின்மூன்று ஆண்டுகள், டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான்.

கடைக்கு வருகிறவர்கள் நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஏழு பாட்டுதான் கொள்ளும். ஏழாவது பாட்டு முடிந்த பிறகு மிஞ்சும் ஒன்றரை நிமிடத்தை வெறுமனே விடுவதா, பாதியில் அறுபடும் பாட்டு ஒன்றைப் போடுவதா, பொருத்தமான வாத்திய இசையால் நிரப்புவதா என்பது கடைக்காரனின் ரசனை. பட்டியலில் இல்லாத ஒரு பாட்டை நானாகவே நுழைத்துவிட்டு, அடுத்த வாரம் அவர் வந்து ‘அந்தப் பாட்டு யாருடையது?’ என்று கேட்பதற்காகக் காத்திருப்பேன். மிக்ஸ்டேப் என்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அதைப் பாடியவரின் பெயரைவிடத் தொகுத்தவரின் கைதான் அதில் முதலில் தெரியும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை ஓட்டிய விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். ராப் பாட்டு ஒன்று இசைத்தட்டாக வந்து பெருவெற்றி கண்டதோ 1979-இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் அந்த இசை ஊருக்குள் நடமாடியது விருந்துகளிலேயே பதிவுசெய்து கைமாறிய கேசட்டுகளில்தான். ஹூஸ்டன் நகரில் டிஜே ஸ்க்ரூ என்றொருவர் 1990-களில் பாட்டுகளை இழுத்து மெதுவாக ஓட்டிக் கேசட்டில் பதிந்து தம் வீட்டு வாசலிலேயே விற்றார். வாங்குவதற்கு வாகனங்கள் வரிசைகட்டி நின்றன என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் பேட்டரி தீர்ந்த டேப்ரிக்கார்டரில் பாட்டு இழுக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள்தான் அதிகம். 2000-இல் ஸ்க்ரூ இறந்துவிட்டார். அவருடைய இசைத்தட்டுகளை ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் இன்று பாதுகாத்து வருகிறது.

அடுத்த கட்டத்தில் மிக்ஸ்டேப் ராப்பர்களின் கைக்குப் போனது. துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்து, ஒப்பந்தம் போட்ட நிறுவனமும் கைவிட்டுவிட்ட 50 சென்ட் என்ற ராப்பர், மற்றவர்களின் புகழ்பெற்ற பீட்டுகளின் (ராப்புக்கு அடியில் ஓடும் பின்னணி இசையின்) மீது தம் வரிகளைப் பாடிப் பரப்பிய தொகுப்புகளால்தான் 2002-இல் எமினெமின் காதுக்கு எட்டினார். பிறர் இசையை உரிமம் வாங்காமல் எடுத்தாண்டதால் இவற்றைக் கடையில் முறையாக விற்க முடியாது. 2007 ஜனவரியில் அட்லான்டாவில் டிஜே டிராமாவின் ஸ்டூடியோவுக்குள் காவல்துறை புகுந்து அவரைக் கைதுசெய்து வட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. பாட்டு பரவட்டும் என்று இத்தகைய டிஜேக்களிடம் பாட்டைக் கொடுத்துவந்தவர்களில் இசை நிறுவனத்தாரும் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அதன் பிறகு விற்பனை குறைந்து, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் வழக்கம் வலுத்தது. 2005-இல் தொடங்கிய டேட்பிஃப் போன்ற தளங்கள் அந்தக் காலத்துச் சந்தைத் திடல்கள்.

ஆகவே, ஆல்பம் என்பது நிறுவனக் கணக்கில் ஏறியது, மிக்ஸ்டேப் என்பது கணக்குக்கு வெளியே இருந்தது என்று முன்பு எளிதாகச் சொல்லிவிடலாம். இன்று பெரிய நிறுவனமே வெளியிட்டாலும், ‘இதை என் முழுமையான முதல் ஆல்பமாக எடைபோடாதீர்கள், இன்னும் மனம்போன போக்கில் செய்து பார்க்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ள அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். விருதுக் குழுவுக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. உங்கள் டோச்சி கதை அவ்வளவுதான்.

தேடுவதற்கு என் யோசனை ஒன்றே ஒன்று. ராப்பரைத் தேடாதீர்கள், நல்ல காது உள்ள ஒருவரைத் தேடுங்கள். கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் 1990 முதல் 1998 வரை ஸ்ட்ரெச், பாபிடோ என்ற இருவர் நள்ளிரவில் நடத்திய நிகழ்ச்சியில், ஒப்பந்தம் எதுவும் இல்லாத காலத்து நாஸும் ஜே-ஸீயும் வந்து பாடியிருக்கிறார்கள். ‘தி சோர்ஸ்’ என்ற ஹிப்ஹாப் இதழில், ஒப்பந்தம் ஆகாதவர்களை அறிமுகப்படுத்தவே ஒரு பத்தி இருந்தது. 1992-இல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் 1998-இல் எமினெமும் அதில் இடம்பெற்றார்கள். இன்று லண்டனில் இருந்து இயங்கும் என்டிஎஸ் போன்ற இணைய வானொலிகளில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பாட்டுப் பட்டியலைப் போட்டு வைக்கிறார்கள். உங்களுக்கு ஒத்துவரும் தொகுப்பாளர் இருவரைப் பிடித்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் பஞ்சமில்லை.

பதினாறு வரி எழுதியது:

ஐயா எழுதிய வரலாற்றுக்கு நன்றி. உங்கள் சந்துக் கடை போன்ற ஒன்று இப்போது இருந்தால் முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். ஆனால் கடைசி யோசனையில் மட்டும் ஒரு திருத்தம் சொல்ல அனுமதிக்க வேண்டும். வில்லாபுரத்தில் என் அறையில் உட்கார்ந்து பீட் செய்கிறவள் என்பதால் ஒருதலையாகப் பேசுகிறேன் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. டிஜே உட்கார்ந்திருந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பவர் பீட் செய்யும் ப்ரொட்யூசர்தான். வளர்ந்துவரும் ப்ரொட்யூசர் ஒருவர் பெயர்பெற்ற ராப்பர் ஒருவருக்கும், இன்னும் யாருக்கும் தெரியாத ஏழெட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் பீட் செய்துகொண்டிருப்பார். அந்த ஏழெட்டுப் பேரில்தான் நீங்கள் தேடுகிற ஆள் இருப்பார்.

மேலூர் அண்ணன் அடுத்த முறை ஒரு பாட்டு பிடித்தால், ஸ்பாட்டிஃபையில் அந்தப் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, பங்களித்தோர் பட்டியலைப் பாருங்கள். ‘பிக் டாக்ஸ்’ பிடித்தது என்றால் அதன் பீட்டைச் செய்த கல்மியின் பெயரைத் தேடி, அவர் வேறு யாருக்கெல்லாம் செய்திருக்கிறார் என்று பாருங்கள். ‘தெருக்குரல்’ பிடித்தது என்றால் ஆஃப்ரோவின் பெயரைப் பிடித்துக்கொண்டு நடங்கள். பாட்டின் தொடக்கத்தில் ஒரு குரல் ப்ரொட்யூசரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் வழி சொல்லும் பலகைதான். இரண்டு வாரத்தில், செயலி ஒருபோதும் கொண்டுவந்து தராத இடத்துக்கு வந்து சேர்வீர்கள்.

பேண்ட்கேம்ப் தளத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. ஒரு தொகுப்பின் பக்கத்தில், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாகத் தெரியும். அதில் ஒருவரைத் தட்டினால் அவர் இதுவரை வாங்கியது எல்லாம் கண்முன் வந்துவிடும். சும்மா ‘லைக்’ போடுவதற்கும் காசு கொடுத்து வாங்குவதற்கும் இடையே உள்ள வேறுபாடு அங்கே நன்றாகத் தெரியும். ஐயா சொன்ன ‘நல்ல காது’ உள்ளவர்களைக் கண்டுபிடிக்க நான் அறிந்த சுருக்கமான வழி அதுவே. சவுண்ட்க்ளவுடில் இதையே வேறு விதமாகச் செய்யலாம்: பிடித்த சிறிய கலைஞரின் பக்கத்துக்குப் போய், அவர் யாரைப் பின்தொடர்கிறார், யாருடைய பாட்டை மறுபதிவு செய்திருக்கிறார் என்று பாருங்கள். புதியவர்கள் தங்கள் நண்பர்களின் பாட்டைத்தான் முதலில் பகிர்வார்கள். யூடியூபில் என்றால் தேடல் முடிவுகளைப் பதிவேற்றிய நாள்படி வடிகட்டுங்கள். பார்வை எண்ணிக்கையை நம்பாதீர்கள், அது விலைக்குக் கிடைக்கிறது. கருத்துப் பகுதியில் அதே பத்துப் பேர் ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பத் திரும்ப வந்து எழுதுகிறார்களா என்பதே எனக்கு உரைகல்.

பழைய மிக்ஸ்டேப்புகளைத் தேடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இலவசமாக வெளிவந்தபோது இருந்த பாட்டுகள் பின்னர் ஸ்ட்ரீமிங்குக்கு வரும்போது உரிமச் சிக்கலால் உதிர்ந்துவிடுகின்றன. சான்ஸ் தி ராப்பர் 2013-இல் இலவசமாகத் தந்த ‘ஆசிட் ராப்’ 2019-இல் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தபோது, அதில் ஒரு பாட்டின் சாம்பிளுக்கு, அதாவது வேறொரு பாட்டில் இருந்து வெட்டி எடுத்த இசைத்துண்டுக்கு, உரிமம் கிடைக்காமல், பாட்டு இருந்த இடத்தில் அரை நிமிட அறிவிப்பு ஒன்றுதான் இருந்தது. லில் வெய்னின் 2009 மிக்ஸ்டேப் ‘நோ சீலிங்ஸ்’ 2020-இல் வந்ததும் குறைப்பட்ட வடிவத்தில்தான். எனவே முழு வடிவம் வேண்டும் என்றால், டேட்பிஃப் தொகுப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடுங்கள்.

டேட்டாவுக்குப் பெரிய உபாயம் தேவையில்லை. இரவில் வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒரு தொகுப்பை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் பேருந்தில் அதை மட்டும் முதலில் இருந்து கடைசி வரை கேளுங்கள். நாற்பது நிமிட மிக்ஸ்டேப்புக்கு உங்கள் மேலூர்ப் பயணம் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

கடைசியாக என் சொந்தக் குறை ஒன்று. சென்ற ஆண்டு என் பீட் ஒன்றை ஒருவர் எடுத்துப் பாடி, எங்கும் என் பெயரைப் போடாமல் வெளியிட்டார். பாட்டு ஓரளவு ஓடவும் செய்தது. பணம் போனதைவிட, அந்தப் பாட்டைக் கேட்டவர் எவரும் என்னை வந்து சேர வழியில்லாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

தெப்பக்குளம் தென்கரை எழுதியது:

மேலே இருவர் சொன்னதும் ஆங்கில ராப்புக்கு அப்படியே பொருந்தும். தமிழுக்குப் பொருத்தும்போது ஒரு தடங்கல் வருகிறது. தமிழில் மிக்ஸ்டேப் என்று தேடினால் அதிகம் கிடைக்காது, ஏனென்றால் நம்மவர்கள் தொகுப்பாக வெளியிடுவதே குறைவு. ஒரு பாட்டு, அதற்கு ஒரு காணொளி, அது கவனம் பெற்றால் சினிமாவில் ஒரு வாய்ப்பு என்பதே இங்கே வழக்கமாகிவிட்ட பாதை. சினிமா இசை இவ்வளவு பெரிய ஆலமரமாக நிற்கும் ஊரில் அதன் நிழலுக்கு ஒதுங்குவதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பாட்டை ஒரே மூச்சில் எழுதி, அவற்றில் நான்கு தோற்றாலும் பரவாயில்லை என்று வெளியிடும் துணிச்சல் அதனால் வளராமல் போகிறது. மிக்ஸ்டேப்பின் பயனே அந்த நான்கு தோல்விகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மிக்ஸ்டேப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் என்றால் எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம்தான். 2005-இல் முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே, 2004-இல் டிப்லோ என்ற டிஜேயுடன் சேர்ந்து, உரிமம் வாங்காத பிறர் இசையின் மீது தம் குரலை ஏற்றிய மிக்ஸ்டேப் ஒன்றைப் பரவவிட்டார். 2010-இன் கடைசி நாளில் இன்னொன்றை இலவசமாகத் தந்தார். கனடாவில் ஷான் வின்சென்ட் டி பால், யான்சன் இருவரும் மிருதங்கத்தின் மீது ராப்பை ஏற்றிச் செய்த தொடரும் கேட்க வேண்டியது. மலேசியாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘வல்லவன்’ வருவதற்கு முன்பே 1990-களில் யோகி பி இடம்பெற்றிருந்த பொயட்டிக் அம்மோ குழு, ஆங்கிலத்தோடு தமிழையும் மலாயையும் கலந்து ராப் செய்துகொண்டிருந்தது. ஆகவே தமிழ் ராப்பைத் தேடுகிறவர் தேடலைச் சென்னையோடு நிறுத்திவிடக் கூடாது.

தேடும் சொல்லிலும் கவனம் வேண்டும். ‘ராப்’ என்று தேடுவதோடு ‘சொல்லிசை’ என்றும் தேடுங்கள். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் நாம் தாறுமாறாக எழுதும் நான்கு விதங்களிலும் ஒருமுறை, ஊர்ப் பெயரைச் சேர்த்து ஒருமுறை என்று தேடினால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முடிவுகள் வருகின்றன. செல்லூர், ஜெய்ஹிந்துபுரம், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று போட்டுப் பாருங்கள். கல்லூரிக் கலைவிழாக்களில் எடுத்த மங்கலான காணொளிகளையும் தவறவிடாதீர்கள். அந்த மேடையில் கைதட்டலுக்காக முதல் முறை பாடியவர் அடுத்த ஆண்டு என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பின்தொடர்வதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

தமிழ் ராப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே, இரு தரப்பாகப் பிரிந்து பாட்டிலேயே வாதிடும் லாவணியின் எரிந்த கட்சி, எரியாத கட்சியை இழுத்து வந்து, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று முடித்துவிடுகிறார்கள். லாவணி எனக்கும் பிடிக்கும், ஆனால் அந்தப் பெருமை ஒரு புதிய ராப்பரைக்கூட நமக்குக் கண்டுபிடித்துத் தராது. அதைவிட முதன்மையானது சலித்தெடுக்கும் முறை. மதுரையில் இருந்து வரும் பாட்டு என்றால் முதல் பதினாறு வரிக்குள் அரிவாளும் மீசையும் வந்து, தெரு ஒன்றுகூட வராவிட்டால் நான் அடுத்ததற்குப் போய்விடுவேன். அது சினிமா நமக்குத் தைத்துக் கொடுத்த சட்டை. தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றதையோ, வாரக் கடன் வசூலுக்கு வருகிறவர் வண்டியை நிறுத்தும் ஓசையையோ ஒருவர் எழுதியிருந்தால், பீட் சுமாராக இருந்தாலும் முழுவதும் கேட்பேன். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் முறை மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கேட்டவர்களை உலுக்கியதற்குக் காரணம், கானாவும் ராக்கும் ராப்பும் சேர்ந்த புதுமை மட்டும் அன்று. அதுவரை பாட்டில் வராத வாழ்க்கை அதில் வந்ததுதான்.

மேலூர்ப் பேருந்து எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மூவர் சொன்னதையும் முயன்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஐயா சொன்ன இணைய வானொலி எனக்கு ஒத்துவரவில்லை. நிகழ்ச்சிகள் நீளமாக இருக்கின்றன, பேருந்துப் பாதையில் நெட்வொர்க் இடையிடையே அறுந்துவிடுகிறது. ஆனால் பாட்டுப் பட்டியலை மட்டும் வீட்டில் உட்கார்ந்து படித்துப் பெயர்களைக் குறித்துக்கொள்கிறேன், அது பயன்படுகிறது. ப்ரொட்யூசரின் பெயரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் முறைதான் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. முதல் வாரம் ஒரே பெயரைத் தொடர்ந்ததில் ஐந்து புதிய ராப்பர்களைக் கேட்டேன். மூவரை மறந்துவிட்டேன், இருவரை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊர்ப் பெயர் போட்டுத் தேடியதில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சவுண்ட்க்ளவுடில் ஒரு பையனின் ஏழு பாட்டுத் தொகுப்பு கிடைத்தது. இருநூறு பேர்கூடக் கேட்டிருக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சு. நான்காவது பாட்டில், அதிகாலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகைக்கு விலை படியாமல் மூட்டையோடு திரும்பும் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறான். நான் தினமும் அந்தச் சந்தையைக் கடந்துதான் போகிறேன். அன்று மாட்டுத்தாவணியில் இறங்க வேண்டியவன் பாட்டு முடியும் வரை இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். நடத்துநர் வந்து தட்டி எழுப்பினார், தூங்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

இணைப்பை இங்கே போடலாம் என்று எண்ணி, ஒரு மரியாதைக்காக முதலில் அவனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். தயவுசெய்து இப்போது வேண்டாம் அண்ணே என்று பதில் வந்தது. எல்லாவற்றையும் செல்போனிலேயே பதிவு செய்தானாம், குரல் பீட்டுக்குள் மூழ்கிப் போகிறதாம், சரிசெய்த பிறகு தானே சொல்வதாகச் சொன்னான். எனக்கும் அந்தக் குறை காதில் பட்டது. ஆனால் அது பாட்டைக் கெடுத்ததாகத் தோன்றவில்லை. அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இணைப்பைப் போடாமல் விடுகிறேன்.

பதினாறு வரி எழுதியது:

நீங்கள் செய்ததுதான் சரி அண்ணே. குரல் பீட்டுக்குள் மூழ்குவது பெரும்பாலும் பையனின் தவறாக இருக்காது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பீட்டுகள் ஏற்கெனவே ஓசையை உச்சத்துக்கு ஏற்றி முடித்தவை. அவற்றில் குரலுக்கு இடமே இருக்காது. நடுத்தர அலைவரிசையில் பீட்டைக் கொஞ்சம் தாழ்த்தினாலே குரல் மேலே வந்துவிடும். ஏழு பாட்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

குரலையும் பீட்டையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருக்கிறானா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். வைத்திருந்தால் நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம். வெளியிடும்போது பங்களித்தோர் பட்டியலில் என் பெயரைப் போட வேண்டும், அந்த பீட்டைச் செய்தவர் யார் என்று தேடி அவர் பெயரையும் போட வேண்டும்.